மலைக்குள் நின்ற வண்டி

தென்காசியில் ஜெயக்கனி என்ற பெண்மணி, தம் தோட்டத்துக் கொட்டகைக்குள் ஒரு சிறு ரயிலை ஓட்டிவந்தார். மேசைமேல் பதித்த தண்டவாளம், பாலம், கைகாட்டி, நிலையம் ஆகிய அனைத்தும் அவர் கையால் அமைந்தவை. கற்க விரும்பி வந்த எவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

அவர்களுள் நயினார் என்பவர் அவரைவிட இருபது வயது மூத்தவர். பணி ஓய்வுக்குப் பின் தம் வீட்டுக் கொல்லையிலும் ஒரு கொட்டகை போட்டு, ரயில் பாதை அமைத்திருந்தார். ஜெயக்கனி அவரை ‘அண்ணாச்சி’ என்பார். அவரோ, யார் அருகில் இருந்தாலும் கூசாமல் ‘ஆசானே’ என்பார்.

ஒரு நாள் காலை நயினார் வந்து வாசலிலேயே நின்றார்.

“ஆசானே, மலையை உடைக்காம உள்ளே கிடக்கிற வண்டியை எடுக்க வழி உண்டா?”

“சுரங்கத்துக்குள்ள தடம் புரண்டிருச்சா?”

“ஆமா. குச்சி விட்டுப் பார்த்தேன். காந்தம் கட்டி விட்டுப் பார்த்தேன். மேசையையே சாய்ச்சும் பார்த்தாச்சு. நடு வளைவுல கிடக்கு, அசைய மாட்டேங்கு.”

“மலைக்குப் பின்னால கை நுழைய ஒரு வழி விடச் சொன்னேனே?”

நயினார் தலையைக் குனிந்துகொண்டார். “எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் அழகா இருந்துச்சு. ஓட்டை போட மனசு வரல. நான் போட்ட தண்டவாளத்துல வண்டி எப்படி விழும்னும் நினைச்சேன்.”

“ரெண்டாவது காரணம்தான் நிஜம்.”

நயினார் தலையாட்டினார்.

“உடைச்சிருங்க, அண்ணாச்சி. காகித மலைதானே? வேற கட்டிக்கிடலாம்.”

“முடியாது, ஆசானே. அது கோமதி கட்டினது.”

கோமதி அவருடைய மனைவி. கம்பி வலையை வளைத்து, மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளை அதன்மேல் ஒட்டி, சாயமேற்றிய மரத்தூளைத் தூவி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை நறுக்கி மரங்களாக நட்டு, அந்த மலையை எழுப்பியவர் அவர்தாம். பசை உலர்ந்த சில நாட்களிலேயே பக்கவாதம் வந்தது. வலக்கை செயலிழந்தது.

“அந்தக் கை இனி இன்னொரு மலை கட்டாது” என்றார் நயினார். “சாயங்காலம் ஆனா கொட்டகைக்குக் கூட்டிட்டு வந்து உக்கார வைப்பேன். வண்டி ஓடுறதைப் பார்த்துக்கிட்டு இருப்பா. இப்ப வரமாட்டேங்கா. ‘அங்க எனக்கு என்ன வேலை’ன்னு கேக்கா. சாப்பாட்டையும் பாதியிலேயே போதும்ங்கா. வண்டி ஓடினாத்தான் அவ பழையபடி ஆவா, ஆசானே.”

“சாப்பாடு யாரு ஊட்டுறது?”

“நான்தான்.”

“தலை வாரி விடுறது?”

“அதுவும் நான்தான். ஒரு துரும்பைக்கூட அவளை எடுக்க விடுறதில்ல.”

ஜெயக்கனி இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அவருடன் புறப்பட்டார்.

நயினார் நேரே கொட்டகையைத் திறக்கப் போனார். ஜெயக்கனி வீட்டுக்குள் சென்று, சன்னலோரம் அமர்ந்திருந்த கோமதியின் முன்னால் நின்றார்.

“மதினி, மலையை எந்தப் பக்கம் அறுக்கலாம்?”

கோமதி நிமிர்ந்து பார்த்தார். “என்கிட்டயா கேக்க?”

“நீங்கதானே கட்டினது? எங்க கம்பி இருக்கு, எங்க வெறும் தாள் இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்?”

“இவுக கேக்கவே இல்லியே” என்றபடி கோமதி கைத்தடியைத் தேடினார்.

நயினார் ஓடிவந்து தோளைத் தாங்க முயன்றார்.

“விடுங்க. நான் என்ன குறைகுடமா, தளும்பிப் போக?” என்று கோமதி மெல்ல நடந்தார்.

கொட்டகைக்குள் மலையைச் சுற்றி வந்து, பின்புறத்தில் ஓரிடத்தைத் தடியால் காட்டினார். “இந்தப் பாறைக்குக் கீழ. இங்க கம்பி இல்ல.”

ஜெயக்கனி பிளேடை நீட்டினார். நயினார் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். பிளேடு அவரைக் கடந்து கோமதியின் இடக்கைக்குச் சென்றது.

“ஆசானே, அது பழகாத கை! கோணலாப் போகும்.”

“போகட்டும்.”

“மரமெல்லாம் விழுமே!”

“நட்டவங்கதானே அறுக்காங்க?”

“நான் மணிக்கட்டையாவது பிடிச்சுக்கிடுதேன்.”

“நீங்க மேசையைப் பிடிச்சுக்கோங்க, அண்ணாச்சி.”

“ஆமா, கெட்டியாப் பிடிங்க” என்றார் கோமதி. “ஓடிரப் போவுது.”

நயினார் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

பிளேடு தயங்கியது, வழுக்கியது, பின் தாளைக் கடித்தது. பச்சைத் தூள் உதிர்ந்தது. மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நயினார் கண்களை மூடிக்கொண்டார். ஒருமுறை பிளேடு கீழே விழுந்தது. ஓசை கேட்டுக் குனியப்போனவர், ஜெயக்கனியின் பார்வையைக் கண்டு நின்றார். கோமதி மேசைக்காலில் சாய்ந்து, நெடுநேரம் எடுத்துக்கொண்டு, தாமே குனிந்து அதை எடுத்தார்.

கடைசியில் மலையில் ஒரு கோணல் வாசல் திறந்தது. கோமதி தம் மெலிந்த இடக்கையை முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார். திடீரென்று அலறினார்.

“ஐயோ, பல்லி!”

நயினார் துள்ளிக் குதித்தார். கோமதி சிரித்தார். வாய் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போக, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வெளியே வந்த கையில் இருந்தது எஞ்சின். மறுபடியும் கைவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நயினார் அவற்றைத் தண்டவாளத்தில் ஏற்றினார். விசையைக் கோமதியே திருகினார். வண்டி சுரங்கத்துக்குள் புகுந்து மறுபுறம் வந்தது. வளைவைச் சுற்றிவிட்டு மறுபடியும் புகுந்தது.

சாய்ந்த மரங்களைக் கிண்ணத்தில் பொறுக்கிக்கொண்டே நயினார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஆசானே, இந்த ஓட்டையை அடைச்சிரட்டுமா? வெட்டினதே தெரியாமப் பண்ணிருவேன்.”

“திரும்பவும் வண்டி விழுந்தா?”

“சரி, அடைக்கல. விழுந்தா நானே எடுத்துக்கிடுதேன். அவளை எதுக்குச் சிரமப்படுத்தணும்?”

“எடுங்க, பார்ப்போம்.”

நயினார் கையை உள்ளே விட்டார். விரல்கள் நுழைந்தன. முட்டிகள் தடுத்தன. கட்டைவிரலை மடக்கிப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். அதற்குமேல் போகவில்லை.

“வழி சின்னதா இருக்கு, ஆசானே. இன்னும் கொஞ்சம் அகலமா அறுக்கணும்.”

ஜெயக்கனி பிளேடில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மடித்தார்.

“அளவு சரியாத்தான் இருக்கு, அண்ணாச்சி.”