ஒரே பொன்னாடையில் பதினான்கு பேர்

மட்டக்களப்பிலிருந்து கூடைப்பந்து அணி கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோட்டைவிளையில் நட்பு ஆட்டம். ஆட்டம் நடக்குமா என்பது மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை யாருக்கும் தெரியவில்லை.

காரணம் ஒரு பொன்னாடை. மேடையில் முதல் பொன்னாடை தனக்குத்தான் என்றார் ரைஸ்மில் பிச்சுமணி. வருகிறவர்களுக்குச் சாப்பாடு அவருடையது. தனக்குத்தான் என்றார் பஸ் முதலாளி தங்கவடிவேல். அவர்களை ஏற்றி இறக்கும் வண்டி அவருடையது. முன்னவர் விலகினால் விருந்தாளிகள் பட்டினி. பின்னவர் விலகினால் ரயில்வே ஸ்டேஷனிலேயே பட்டினி. இருவரும் விளையாட்டுக் கழகத்து வராந்தாவில் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் இசக்கித்துரை இரண்டு முதுகுகளிடமும் மாறி மாறிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். வெளியே, புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம் ஒரு காலடி கூடப் படாமல் வெயிலில் கிடந்தது.

அப்போது பாக்கியசீலி டீச்சர் கையில் டீ கிளாசோடு வந்தார். விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறாமல் கழுத்தில் தொங்கியது.

"இதுக்கா இந்தப் பாடு? நான் லிதுவேனியாக்காரங்களையே இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்து ஆட வச்சவ."

"எப்போ டீச்சர்?" என்றார் இசக்கித்துரை.

"நீ அப்போ டவுசரையே திருப்பிப் போட்டுக்கிட்டு அலைஞ்ச. உனக்கு எங்க ஞாபகம் இருக்கும்? ஒவ்வொருத்தனும் என்ன உயரங்க! ரயில்ல படுத்தா தலை ஒரு பெட்டியில, காலு அடுத்த பெட்டியில. டிக்கெட் பரிசோதகர் வந்து தலைக்குத் தனி டிக்கெட், காலுக்குத் தனி டிக்கெட்டுன்னு நிக்காரு. தெருவுல நடந்து வந்தானுக பாருங்க, மொட்டை மாடியில வடகம் காயப் போட்டவ, 'தம்பி, அப்படியே அந்தக் காக்காய விரட்டிட்டுப் போ'ங்கா."

"அளந்து விடுங்க," என்றது பிச்சுமணியின் முதுகு.

"அளந்துதான் சொல்லுதேன் அண்ணாச்சி. அளக்க ஏணி பத்தாம பனையேறியைக் கூப்பிட்டோம். சரி, அதை விடுங்க. அப்பவும் ஊர்ல ரெண்டு பெரிய மனுஷங்க. பேரு சொல்ல மாட்டேன். ஒருத்தர்கிட்ட நெல்லு இருந்துது, இன்னொருத்தர்கிட்ட டயரு இருந்துது. முதல் பொன்னாடை எனக்கா உனக்கான்னு ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்காங்க. லிதுவேனியா கேப்டனுக்கும் விஷயம் எட்டிட்டுது. 'அந்தத் துணியில அப்படி என்னதான் இருக்கு? எனக்கும் முதல்ல வேணும்'ங்கான்."

"அவன் தமிழ்லயா சொன்னான்?" இது தங்கவடிவேலின் முதுகு.

"கோபத்துக்கு என்ன அண்ணாச்சி தமிழு, இங்கிலீசு? நான் யோசிச்சேன். நேரா தறிக்காரங்ககிட்ட போனேன். மைதானத்தைச் சுத்தி வளைக்கிற நீளத்துக்கு ஒரே பொன்னாடை நெய்யுங்கன்னேன். இந்தத் தலைப்பை நெய்து முடிக்கதுக்குள்ள அந்தத் தலைப்பு பக்கத்து ஊர்ல பஸ் ஏறிட்டுது. அதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, ஆடுதவங்க பத்து பேரு, நடுவருங்க ரெண்டு பேரு, நம்ம பெரிய மனுஷங்க ரெண்டு பேரு, பதினாலு பேரு தோளுலயும் ஒரே நேரத்துல போட்டேன். யாரு முதல்ல? எல்லாரும் முதல்ல!"

இசக்கித்துரை தலையில் கை வைத்தார். "அப்புறம் எப்படி டீச்சர் ஆடினாங்க? கழட்டணும்லா?"

"அங்கதான் வந்துது வினை. போட்ட பொன்னாடையை யாரு முதல்ல கழட்டுவா? கழட்டுனவனுக்கு மரியாதை போச்சுல்லா? ஒருத்தரும் கழட்டலை. அப்படியே ஆடினாங்க. பந்து வடக்க போனா பதினாலு பேரும் வடக்க. தெக்க போனா பதினாலு பேரும் தெக்க. நம்ம ரைஸ்மில்..." டீச்சர் டீயை ஒரு வாய் குடித்தார். "நெல்லுக்காரரு, பாவம், வேட்டி அவுந்தது தெரியாம ஓடுதாரு. டயர்க்காரரு, 'வண்டியை நிறுத்துடா, இறங்கணும்'னு கத்துதாரு. ஓடுத ஓட்டத்துல நெல்லுக்காரரு தலையில பட்டு ஒரு பந்து கூடைக்குள்ள விழுந்துட்டு. விழுந்தது லிதுவேனியாவுக்கு!"

ஒரு முதுகு லேசாகக் குலுங்கியது. எது என்று சொல்ல முடியவில்லை.

"வந்துது பாருங்க சண்டை! நம்ம ஊர்க்காரரே அவனுக்குக் கூடை போட்டுட்டாருன்னு சனம் செருப்பை வீசுது. வானமே தெரியலை. செருப்பு மறைச்சு ஊரே இருட்டிப் போச்சு. தெரு லைட்டு போட்டுட்டாங்க. கோழியெல்லாம் ராத்திரின்னு நினைச்சுக் கூட்டுக்குள்ள போயிட்டுது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ரெண்டு நாட்டுக்கும் யுத்தம். நான் விசிலை ஊதுனேன். ஊதுன ஊதுல செருப்பெல்லாம் ஜோடி ஜோடியா அவனவன் காலடியில வந்து இறங்கிட்டுது."

"ஜோடி மாறலையா?" என்றார் தங்கவடிவேல். கழுத்து பாதி திரும்பியிருந்தது.

"மாறுச்சு. டயர்க்காரரு காலுல ஒண்ணு, நெல்லுக்காரரு காலுல ஒண்ணு, ஒரே ஜோடி. அதுக்கும் சண்டை பிடிக்கப் போனாங்க. இனி தாங்காதுன்னு பந்தைக் கையில எடுத்தேன். ஆட்டத்தை மறுபடி தொடங்குவோம்னு நடுக்கோட்டுல நின்னு மேல தூக்கிப் போட்டேன். போச்சு. போய்க்கிட்டே இருக்கு. புள்ளியாச்சு. அப்புறம் புள்ளியும் இல்ல. மொத்த சனமும் அண்ணாந்து பாக்கு. அண்ணாந்துக்கிட்டு யாராலயும் சண்டை போட முடியாதுய்யா. நீங்க வேணா போட்டுப் பாருங்க. வாயி திறந்திருக்கும், வார்த்தை வராது. பந்து வரட்டும் வரட்டும்னு காத்துக் கிடந்தாங்க. பசிச்சுது. நெல்லுக்காரரு சோறு போட்டாரு. நேரமாச்சு. டயர்க்காரரு வண்டி விட்டாரு. விருந்தாளிங்க ஊருக்கே போயிட்டாங்க. யாருக்கு முதல் பொன்னாடைன்னு அன்னைக்குக் கேட்க ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல."

டீச்சர் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

"பந்து?" என்றார் பிச்சுமணி. இப்போது முழுதாகத் திரும்பியிருந்தார்.

"இன்னும் வரலை."

தங்கவடிவேலுக்குத்தான் முதலில் தாங்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதைப் பார்த்துப் பிச்சுமணி சிரித்தார். மூன்று நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேர், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

"எனக்குப் பொன்னாடையே வேண்டாம்வே," என்று கண்ணைத் துடைத்தார் பிச்சுமணி. "அவருக்கும் வேண்டாம். சோறு என் பொறுப்பு."

"வண்டி என் பொறுப்பு," என்றார் தங்கவடிவேல். "ஆனா ஒரு கண்டிஷன், செயலாளரே. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல பந்தை டீச்சர் தூக்கிப் போடக்கூடாது."

டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. "ஏன் அண்ணாச்சி?"

பதிலைப் பிச்சுமணி சொன்னார்.

"கழகத்துல இருக்கது ஒரு பந்துதான்."