கயிறு யார் கையில்

"பதினோரு வருசமா எம் மகளை ஒரு சொல் கடிஞ்சு பேசுனதில்ல, தாயே. தங்கம், வைரம்னுதான் கூப்பிடுறேன். அப்படியும் தலை குனிஞ்சே நடக்குறா. ஏன்?"

கேட்டவர் மாசிலாமணி. கிணறு வெட்டுகிறவர். வயது அறுபது.

மலையடிவாரத்து மடத்தில் இருந்த அம்மாவிடம்தான் இதைக் கேட்டார். அவரைவிட அந்த அம்மாவுக்கு இருபது வயது குறைவு. பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. மடத்தைச் சுற்றிக் கீரை போட்டிருந்ததால் கீரையம்மா என்று கூப்பிட்டார்கள்.

கீரையம்மா ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்தார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற குயிலியின் முன்னால் வைத்தார்.

"கொஞ்சம் ஆய்ஞ்சு தாம்மா."

குயிலி உட்கார்ந்தாள். ஒரு தண்டை எடுத்து இலையைக் கிள்ளினாள். இன்னொரு தண்டை எடுத்தாள்.

"அது பழுத்த எல, தங்கம்," என்றார் மாசிலாமணி. "குடு, அப்பா பாத்துக்கிறேன். நீ ஆய்ஞ்ச வரைக்கும் எவ்வளவு அழகா இருக்கு! உன்னமாதிரி யாரு ஆய்வா?"

கட்டு அவர் கைக்குப் போயிற்று. குயிலி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"தாகமா இருக்கு," என்றார் கீரையம்மா. "பானையில மோர் இருக்கு. ஒரு செம்பு மோந்துட்டு வாம்மா."

குயிலி போனாள். நிறைந்த செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசற்படியைத் தாண்டக் காலை எடுத்தாள்.

மாசிலாமணி கீரையைப் போட்டுவிட்டு ஓடினார்.

"கொட்டிருவ, கொட்டிருவ! விடு, தங்கம். கொண்டு வரணும்னு நெனச்சியே, அதுவே பெருசு."

செம்பை அவரே கொண்டுவந்து கொடுத்தார். கீரையம்மா குடித்தார். செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"பள்ளிக்கூடம் போறாளா?"

மாசிலாமணியின் முகம் சுருங்கியது.

"இருபது நாளாப் போகல, தாயே. அதுக்குத்தான் வந்தேன். எல்லாருக்கும் முன்னாடி நின்னு பாடம் வாசிக்கச் சொல்லியிருக்காரு வாத்தியாரு. ஒரு வார்த்தையில நாக்குச் சிக்கிக்கிச்சு. நாலு புள்ளைங்க சிரிச்சிருக்கு. இவ பைய அங்கயே போட்டுட்டு ஓடியாந்துட்டா. கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டு, 'எனக்கு எதுவுமே வராது'ன்னா. இன்னைக்கு வரைக்கும் அதையேதான் சொல்றா. ஒரே புள்ள. நாப்பத்தொம்பது வயசுல பெத்தது. இப்படியே இருந்துட்டா நான் கண்ண மூடுறது எப்படி?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"போயி வாத்தியார நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வந்தேன். இனி ஜென்மத்துக்கும் அவரோட பேச மாட்டேன்."

"அவரோட சேத்து எத்தன பேரு?"

"பேசாதவங்களா? பதினாலு," என்றார் மாசிலாமணி. யோசிக்கவே இல்லை. "அதுபோக, செத்துப்போனவங்க மூணு பேரு."

"செத்தவங்களோடயுமா பேசுறதில்ல?"

"செத்துட்டா செஞ்சது இல்லன்னு ஆயிருமா, தாயே?"

கீரையம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மடத்துக் கிணறு தூந்து கெடக்கு. நாளைக்கு வந்து தூர் வாரிக் குடுப்பீங்களா?"

"குடுக்குறேன். ஆனா நான் கேட்டதுக்குப் பதில்?"

"புள்ளையையும் கூட்டிட்டு வாங்க," என்றார் கீரையம்மா.

*

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் கிணற்றடியில் நின்றார்கள்.

ஐம்பது அடிக் கிணறு. சுற்றிலும் பாறை. இறங்குவதற்குப் பாறையிலேயே கால் வைக்கிற அளவுக்குப் படி வெட்டியிருந்தது. படியெல்லாம் பாசி. இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் இறங்க முடியாது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்து விடுவதற்கு மேலே ஓர் ஆள் வேண்டும். பாரம் தாங்கும்படி கயிற்றைச் சுற்றிக்கொள்ளக் கிணற்று ஓரத்தில் ஒரு கல்தூண் நட்டிருந்தது.

மாசிலாமணி எல்லாவற்றையும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஊருக்குள்ள போயி ஒரு ஆளக் கூட்டிட்டு வர்றேன்."

"எதுக்கு?"

"கயிறு புடிக்க."

"ஆள்தான் இருக்கே."

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். குயிலி தூரத்தில் நின்று கீரைப்பாத்தியில் எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளா? பச்சப்புள்ள, தாயே!"

"நீங்க மொதமொதல்ல கயிறு புடிச்சப்ப என்ன வயசு?"

"பன்னெண்டு."

"யாருக்குப் புடிச்சீங்க?"

மாசிலாமணி பக்கத்தில் காறித் துப்பினார்.

"வேலாண்டி மேஸ்திரிக்கு. சொன்னேனே பதினேழு பேரு, அதுல மொத ஆளு அவருதான்."

"அப்படி என்ன செஞ்சாரு?"

"ஒண்ணுமே செய்யல. அதுதான் தாயே வயித்தெரிச்சல்! ஏழு வருசம் அவருகிட்ட மாடா ஒழைச்சேன். ஒரு நாளாவது 'நல்லாச் செஞ்சடா'ன்னு சொல்லியிருப்பாரா? அவரு வாயில இருந்து வந்தது ரெண்டே வார்த்தை. 'விடு.' 'புடி.' மாட்டுக்குக்கூட நாலு வார்த்தை சொல்லுவாங்க."

"ம்."

"கெணத்துக்குள்ள இறங்குவாரு. இறங்குறப்ப ஒரு தடவையாவது நிமிந்து பாப்பாரா? மேல ஒருத்தன் நிக்குறானே, இருக்கானா செத்தானான்னு? மாட்டாரு. எனக்குன்னு ஒரு புள்ள பொறந்தா, அதுக்கு நாளைக்கு நூறு தடவ நல்ல வார்த்தை சொல்லணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். சொல்லிக்கிட்டும் இருக்கேன்."

"அவருகிட்ட வேற ஆளே இல்லையா?"

"ஏன் இல்ல? வாட்டசாட்டமா மூணு பேரு இருந்தாங்க. மண்ணு சுமந்தாங்க."

கீரையம்மா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். மாசிலாமணி நிறுத்தவில்லை. நாற்பத்தெட்டு வருஷத்துக் கோபம் ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தது.

"ஒரு நாளு கை வேர்த்துக் கயிறு நழுவிருச்சு. ஒரு முழம். மனுசன் பாறையில போயி மோதி முட்டி கிழிஞ்சுபோச்சு. மேல ஏறி வந்தாரு. துண்டக் கிழிச்சுக் கால்ல கட்டுனாரு. 'தூண்ல இன்னொரு சுத்துப் போடணும்'னாரு. அவ்வளவுதான். திட்டியாவது இருக்கலாம்ல? போயிட்டாரு. அன்னைக்குச் சோறு எறங்கல எனக்கு."

"மறுநாள்?"

"மறுநாள் வேலைக்குப் போனேன்."

"அவரு இறங்கினாரா?"

"இறங்கினாரு."

"கயிறு யாரு கையில?"

மாசிலாமணி தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

கிணற்றுக்குள் ஒரு தவளை கத்தி ஓய்ந்தது.

"என் கையில," என்றார்.

கீரையம்மா சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார்.

"அடுப்புல பருப்பு இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

மாசிலாமணி கிணற்று விளிம்பில் உட்கார்ந்தார்.

வேலாண்டி மேஸ்திரி செத்து எட்டு வருஷம் ஆயிற்று. பாடை இவர் தெரு வழியாகத்தான் போனது. இவர் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கொட்டுச் சத்தத்தில் தாழ்ப்பாள் அதிர்ந்தது இப்போதும் காதில் இருந்தது.

அந்த மறுநாள் காலையை இவர் மறந்தே போயிருந்தார். இப்போது அது முழுசாக வந்தது. மேஸ்திரி நொண்டிக்கொண்டே வந்தார். முட்டியில் கட்டு. வாட்டசாட்டமான மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அதில் ஒருவன் கயிற்றுக்குக் கை நீட்டினான். மேஸ்திரி அவனைப் பார்க்கவே இல்லை. கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே பன்னிரண்டு வயதுப் பையனிடம் வந்தார். கையில் வைத்தார். இறங்கிவிட்டார்.

வீட்டில் மேஸ்திரியை நம்பி நாலு பிள்ளைகள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது தெருவே சின்னதாகத் தெரிந்ததே, அதுவும் இப்போது நினைவுக்கு வந்தது. அது எதனால் என்று அப்போது அவர் யோசிக்கவில்லை. இந்த ஜில்லாவில் எத்தனையோ கிணறு வெட்டியாயிற்று. எந்தக் கிணற்றைப் பார்த்தும் பயந்ததில்லை. தைரியம் தானாக வந்தது என்றுதான் இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாசிலாமணி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"குயிலி," என்று கூப்பிட்டார்.

குயிலி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

"இங்க வா. இந்தக் கயித்தத் தூண்ல ரெண்டு சுத்துச் சுத்து. ம்... இறுக்கமா. என் பாரத்தத் தூணு தாங்கிக்கும். உன் வேலை கைய எடுக்காம இருக்குறது. விடுன்னா கொஞ்சம் கொஞ்சமா விடணும். புடின்னா நிறுத்தணும்."

"எனக்கு வராதுப்பா."

'என் வைரத்துக்கு வராதது உண்டா' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாசிலாமணி அதை விழுங்கினார்.

"வருமா வராதான்னு எனக்கும் தெரியாது. நீ இன்னும் புடிச்சே பாக்கலயே."

கயிற்றைச் சுருட்டி அவள் கையில் வைத்தார். மறுமுனையை இடுப்பில் கட்டினார். விளிம்பில் உட்கார்ந்து முதல் படியில் காலை வைத்தார்.

"விடு."

கயிறு வெட்டி வெட்டி இறங்கியது.

"புடி."

நின்றது.

பத்து அடி. பதினைந்து அடி. நிமிர்ந்து பார்க்கச் சொல்லிக் கழுத்து அரித்தது. பத்திரம் தங்கம் என்று கத்தச் சொல்லித் தொண்டை அரித்தது. கல்லைப் பார்த்தார். பாசியைப் பார்த்தார். கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவி ஒன்று மூக்கை உரசிக்கொண்டு பறந்தது.

இருபதாவது அடியில் கால் வழுக்கியது. கயிறு ஒரு முழம் சர்ரென்று இறங்கியது. மாசிலாமணி பாறையில் மோதினார்.

கயிறு நின்றுவிட்டது.

கையால் துழாவி ஒரு படியைப் பிடித்து, இன்னொரு படியில் காலை ஊன்றினார். குனிந்து பார்த்தார். வலது முட்டி கிழிந்து ரத்தம் வந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்தது.

"மேஸ்திரி," என்றார், பாறைக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நாற்பது வருஷத்துக்குப் பிறகு அவரோடு பேசினார். கை இரண்டும் படியைப் பிடித்திருந்தன. கும்பிட முடியவில்லை. நெற்றியைப் பாறையில் வைத்து ஒரு தடவை அழுத்தினார்.

மேலேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

"அப்பா! நழுவிருச்சுப்பா!"

"ஆமா. நழுவிருச்சு."

"அடி பட்டுருச்சா?"

"முட்டியில பட்டுருச்சு."

"ஏறி வந்துருங்கப்பா! நான் சொன்னேன்ல, எனக்கு வராதுன்னு! வேற ஆளக் கூப்பிடுங்க!"

மாசிலாமணி மூச்சை இழுத்து விட்டார்.

"குயிலி, நழுவுன கயித்த நிறுத்துனது யாரு?"

அழுகை சற்று நின்றது.

"நான்தான்."

"தூண்ல இன்னொரு சுத்துப் போடு. நான் படியில நிக்குறேன், கயிறு தளர்வா இருக்கு. அவசரமில்ல."

மேலே கயிறு கல்லில் உரசும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. மாசிலாமணி பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்படிச் சுற்றுகிறாள் என்று கேட்கவில்லை.

"போட்டுட்டேன்," என்றது குரல். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இறுக்கியும் பாத்துட்டேன்," என்றது.

"விடு."

இந்தத் தடவை கயிறு வெட்டாமல் இறங்கியது. இருபத்தைந்து அடி. முப்பது அடி. இருட்டும் குளிர்ச்சியும் ஏறி வந்தன.

"அப்பா."

"ம்."

"கீழ எறங்குனதுல இருந்து நானும் பாக்குறேன். ஏன் ஒரு தடவகூட மேல பாக்கவே மாட்டேங்குறீங்க?"

"கயிறு உன் கையிலதானே இருக்கு?"

மாசிலாமணி அடுத்த படிக்குக் காலை நீட்டியவர், அவள் குரலுக்காக அப்படியே நின்றார்.

"அப்புறம் எதுக்கு நிக்குறீங்க?" என்றாள் குயிலி. "கால எடுத்து வைங்க. விடுறேன்."