நீர்நாய் மறைத்த மொழி

காட்டு ஏரி ஒன்றில் ஐந்து மதகுகள் இருந்தன. போன மழைக்காலம் முழுக்க அவற்றைத் தூக்கித் தூக்கி யானைக்குத் தும்பிக்கை வலி வந்துவிட்டது. "இனிமேல் கணினியே திறந்து மூடட்டும்" என்று அது சொல்லிவிட்டது.

நிரல் எழுத நீர்நாயைக் கூப்பிட்டார்கள். லேசான வேலையில்லை. மழை எவ்வளவு, நீர்மட்டம் எவ்வளவு, எந்த மதகு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று ஒன்றோடொன்று பின்னிய கணக்கு. நீர்நாயும் கெட்டிக்காரன்தான். மீன் பங்கீட்டுக்கு அது பாஸ்கல் என்ற கணினி மொழியில் எழுதிக்கொடுத்த நிரல் ஒருநாளும் தப்பியதில்லை.

"எந்த மொழியில எழுதப்போற?" என்று கிளையிலிருந்து கேட்டது கருங்குரங்கு.

"பாஸ்கல்..." என்று நீர்நாய் வாயெடுத்தது.

"அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எழுதிப் பழகுறதாச்சே! பெரிய வேலைக்கெல்லாம் சி மொழிதான்ப்பா."

மற்ற குரங்குகளும் சிரித்தன. உண்மையில் இரண்டுமே பழைய மொழிகள். இரண்டிலுமே அந்த வேலையை முடிக்கலாம். யானைக்கோ மதகு திறந்தால் போதும், மொழி எதுவானாலும் ஒன்றுதான். ஆனால் நீர்நாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "பாஸ்கல்லயா எழுதுவேன்னு சொல்ல வந்தேன். சியிலதான் எழுதப்போறேன்" என்றது.

முள்ளம்பன்றிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. முதல் மதகின் ஓரம், கரை தாழ்ந்த இடத்தில்தான் அதன் வளை இருந்தது. உள்ளே பிறந்து சில நாளே ஆன இரண்டு குட்டிகள்.

"தம்பி, தண்ணி ஏறினா முதல்ல என் வளைக்குத்தான் வரும். அந்த மொழி உனக்கு நல்லாத் தெரியும்ல?"

"எனக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு அக்கா. நீங்க நிம்மதியா இருங்க."

முள்ளம்பன்றி நம்பிவிட்டது.

நீர்நாய் சியை அவசர அவசரமாக மேலோட்டமாகப் படித்துக்கொண்டு எழுதியது. பாஸ்கலில் அது எப்போதும் ஒன்றிலிருந்து எண்ணிப் பழகியிருந்தது. சி பூஜ்யத்திலிருந்து எண்ணும்; அதற்கு முதல் மதகு பூஜ்யம், ஐந்தாவது மதகு நான்கு. பழக்க தோஷத்தில் நீர்நாய் ஒன்று முதல் ஐந்து வரை என்று எழுதிவிட்டது. அதனால் நிரல் முதல் மதகை விட்டுவிட்டு, இல்லாத ஆறாவது மதகைத் திறக்கச் சொன்னது. பாஸ்கலாக இருந்தால் "அப்படி ஒரு மதகு இல்லையே" என்று அங்கேயே நின்றிருக்கும். சி அப்படிக் கேட்பதில்லை. எழுதுகிறவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடும்.

சோதித்துப் பார்த்தபோது கண்ணெதிரே நான்கு மதகுகள் திறந்தன. முதல் மதகு தாழம்புதருக்குப் பின்னால் இருந்தது. அங்கே எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை மழை கொட்டித் தீர்த்தது. நான்கு மதகுகள் திறந்தன, முதல் மதகு திறக்கவில்லை. தாழ்ந்த கரையைத் தாண்டித் தண்ணீர் வளைக்குள் புகுந்தது. யானை ஓடிவந்து மதகைத் தூக்குவதற்குள், முள்ளம்பன்றி ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இன்னொன்றுக்காக மறுபடி உள்ளே போனது. வெகுநேரம் கழித்து வெறும் வாயோடு திரும்பியது.

மழை விட்டதும் எல்லாரும் கூடினார்கள்.

"சி மொழியே மோசம் போலிருக்கு" என்றது கருங்குரங்கு. அதற்கு எந்த மொழியிலும் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. யானையும் தலையாட்டியது.

நீர்நாய் பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் முள்ளம்பன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மொழி மேல தப்பில்ல. எனக்கு அது சரியாத் தெரியாது. பாஸ்கல்தான் தெரியும்" என்றது நீர்நாய்.

"அன்னைக்கு நான் கேட்டேனே தம்பி?"

"சொல்ல வெட்கமா இருந்துச்சு அக்கா."

"இவ்வளவுதானா?" என்றது முள்ளம்பன்றி. வேறு எதுவும் கேட்காமல், மிஞ்சிய குட்டியைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டது.

நீர்நாய் நிரலைப் பாஸ்கலில் மறுபடி எழுதியது. இப்போது ஐந்து மதகுகளும் திறக்கின்றன. முதல் மதகைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பக்கத்திலிருக்கும் காலி வளை அதன் கண்ணில் படும். அது தலையைக் குனிந்துகொண்டே கடந்து போகும்.

தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று சொல்ல வெட்கப்படுகிறவன், பிறகு தான் செய்ததை நினைத்து ஆயுள் முழுக்க வெட்கப்பட வேண்டியிருக்கும்.