கோமுவைத் தூங்க வச்ச டிக்

ஒரு ஊர்ல ஒரு டிக் இருந்துச்சு.

ராஜா இல்ல, ராணி இல்ல, சிங்கம் கரடி ஒண்ணும் இல்ல. டிக்குதான். சிரிக்காத. தலையணையில ஒழுங்கா தலைய வை. காலை ஆட்டிக்கிட்டே இருந்தா கதை ஓடிப்போயிரும், அப்புறம் நீதான் போயி புடிச்சிட்டு வரணும். வச்சுட்டியா? எங்க, ம் சொல்லு. ம்ம், சரி.

அந்த டிக் எங்க இருந்துச்சுன்னா, ஒரு பழைய ஸ்டெபிலைசருக்குள்ள இருந்துச்சு. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல ஒரு டப்பா இருக்குமே, கரண்டு கூடக்குறைய வந்தா உள்ளுக்குள்ள டிக், டிக்னு கேக்குமே, அதுக்குள்ளதான். தீப்பெட்டியில பாதிகூட இருக்காது. அதுக்கு ரிலேன்னு பேரு. நாம டிக்னே கூப்பிடுவோம். தன் பேரைத் தானே சொல்லிக்கிட்டுத் திரியுற பய அவன்.

அந்த ஸ்டெபிலைசர் இருந்தது ஆவுடையப்பன் வீட்டுல. ஆவுடையப்பன் அந்த ஊரு மைக்செட்டுக்காரரு. கல்யாணமா, காதுகுத்தா, கோயில் கொடையா, அவரு கட்டுன குழாய்தான் ஊரெல்லாம் பாடும். அப்புறம் ஒரு கொடையில குழாய் கட்ட ஏறுனவரு, கம்பத்து மேலருந்து விழுந்துட்டாரு. உயிர் பொழைச்சுது. ஆனா கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையாது. கை இருக்கு, தூக்க முடியாது. கால் இருக்கு, மடக்க முடியாது. நீ மூஞ்சியத் தொங்கப் போடாத, அவரே வருத்தப்பட்டு ஓஞ்சு போயி, இப்ப கட்டில்ல படுத்துக்கிட்டு வாய் நெறையப் பேசிக்கிட்டுத்தான் இருக்காரு.

அவரு பொஞ்சாதி கோமு. அவருக்குக் கையும் அவதான், காலும் அவதான். "ஏ கோமு, ஃபேனைப் போடு"ன்னா எந்திரிப்பா. "ஏ கோமு, லைட்டு கண்ணைக் குத்துது"ன்னா எந்திரிப்பா. அப்புறம் இவரு பாவம்னு நெனைச்சு, வேர்த்தாலும் குளுந்தாலும் கூப்பிடாம கெடந்து பாத்தாரு. அப்பவும் அவ சும்மா இருப்பாளா? தானா முழிச்சு, "வேர்க்குதாங்க? குளிருதாங்க?"ன்னு நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாப்பா. அவ தூங்குறது எல்லாம் கோழித்தூக்கம். கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு.

அப்போ ஒரு நாளு மத்தியானம், சோறு வடிக்கும்போது நின்ன மேனிக்கே தூங்கிட்டா. கொதிக்கிற கஞ்சி, சலார்னு கையில. ஸ்ஸ்ஸ்ஆ! கை செவந்து வீங்கிப் போச்சு.

"ஒண்ணுமில்லைங்க, லேசாத்தான்"ன்னா கோமு.

அந்தக் கையில மருந்து தடவிவிடக்கூட ஆவுடையப்பனால முடியல. அவரு கண்ணுலருந்து தண்ணி வந்துச்சு, அதையும் அவதான் நல்ல கையால தொடைச்சுவிட்டா. அது அவரு மனசை அறுத்துருச்சு. இவளை எப்படியாவது தூங்க வைக்கணும், இல்லாட்டி இவளும் விழுந்துருவா, அப்புறம் இந்த வீட்டுல எந்திரிக்க ஆளே இல்லன்னு நெனைச்சாரு.

கேக்குறியா?

ம்.

அப்போ அந்த மூலையிலருந்து, டிக். கொஞ்ச நேரம் கழிச்சு, டிக். ஆவுடையப்பன் காது நிமிந்துச்சு. இத்தன வருசமா கேட்ட சத்தந்தான், அன்னைக்குத்தான் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

கை ஆறுனதும், "கோமு, அந்த ஸ்டெபிலைசரைக் கழட்டு"ன்னாரு.

"எதுக்குங்க?"

"உள்ள ஒருத்தன் இருக்கான். அவனை நம்ம வீட்டு வேலைக்கு வச்சுக்குவோம்."

கோமு ஒரு மாதிரியாப் பாத்தா. அப்புறம் அவரு சொல்லச் சொல்ல, டிக் உள்ள எப்படி இருக்கான்னு அவளுக்கும் தெரிஞ்சுது. அது ஒரு குட்டி வீடு. அதுல ரெண்டு அறை, நடுவுல சுவரு. ஒரு அறையில பெரிய கரண்டு பூதம் நிக்கும். ஃபேனைச் சுத்தணும், லைட்டை எரிக்கணும்னு அதுக்கு ஆசைதான், ஆனா வாசல் சாத்தியிருக்கு. இன்னொரு அறையில சின்னக் கரண்டு வரும், பச்சைப்புள்ள, தொட்டாக்கூட ஒண்ணும் செய்யாது. அந்தப் புள்ள வந்து உக்காந்த உடனே அங்க இருக்குற கம்பிச்சுருள் காந்தம் ஆயிரும். அது ஒரு இரும்பு நாக்கை இழுக்கும். டிக்! அந்தப் பக்கம் வாசல் தொறந்துரும். பூதம் குடுகுடுன்னு ஓடும், ஃபேன் சுத்தும். புள்ள எந்திரிச்சுப் போனா, டிக், வாசல் சாத்திரும். புள்ளையும் பூதமும் ஒண்ணை ஒண்ணு பாத்ததே கிடையாது.

"அப்ப உங்ககிட்ட வர்றது புள்ளைதானே?"ன்னு கேட்டா கோமு. "பூதம் வராதே?"

"வரவே வராது. நடுவுல சுவரு இருக்குல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்புறம் வேலை ஆரம்பிச்சுது. மூளை அவருது, கை அவளுது. "மெயினை அமத்திட்டியா?" "அமத்திட்டேன்." "இன்னொருவாட்டி பாரு." "பாத்துட்டேங்க, எத்தனவாட்டி பாக்க?" அவரு கடையில முன்னாடி செஞ்சு வச்ச போர்டு ஒண்ணு பெட்டியில கெடந்துச்சு, சத்தம் கேட்டா புள்ளைய அனுப்புற போர்டு. அதுல ஒரு மைக்கு இருந்துச்சு. அதோட டிக்கையும், அதே டப்பாவுல அவன்கூட இருந்த இன்னும் ரெண்டு டிக்கையும் சேத்து, ஈயம் பத்தவச்சா. புகை வந்து வீடே குங்கிலியம் போட்டாப்புல மணத்துச்சு. ஒரு சத்தம் கேட்டா ஃபேன், ரெண்டு கேட்டா லைட்டு, மூணு கேட்டா கோமுவைக் கூப்பிடுற மணி. ஓடுறதை நிறுத்தணும்னாலும் அதே கணக்குத்தான்.

அவரால கைதட்ட முடியாதுல்ல? அதனால விசில் அடிச்சாரு. ஃபுயீய்! டிக். ஃபேன் ஓடுச்சு! கோமு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அப்பாடான்னு பாயை விரிச்சுப் படுத்தா. கண்ணு சொருகுது, சொருகுது...

உஸ்ஸ்ஸ்! பக்கத்து வீட்டு ஞானசுந்தரி குக்கரு வச்சிருக்கா. அந்த விசிலுக்கு ஃபேன் நின்னுச்சு. உஸ்ஸ்ஸ், உஸ்ஸ்ஸ்! லைட்டு எரிஞ்சுது. அப்புறம் அடுத்தடுத்து மூணு உஸ்ஸ்ஸ்! டிங் டிங் டிங்னு மணி அடிச்சுது. கோமு அடிச்சுப் புரண்டு எந்திரிச்சு, "என்னங்க, என்னங்க!"ன்னு ஓடியாந்தா.

"நான் இல்லளா, பருப்பு"ன்னாரு ஆவுடையப்பன்.

நீ சிரிக்குற. அவளுக்கு அழுகையா வந்துச்சு. ஞானசுந்தரிகிட்டப் போயி விசில் விடாம சமைக்கச் சொல்ல முடியுமா?

அப்புறம் ரெண்டாவது. விசில் வேண்டாம், நாக்கைத் தட்டுவோம்னாரு. டொக்குனு சத்தம் போட்டா ஃபேன் ஓடணும். கோமு போர்டுல ஒரு திருகைத் திருகி, அந்தச் சத்தத்துக்குச் சரி பண்ணுனா. டொக்! டிக். ஃபேன் ஓடுச்சு. உடனே, டிக். நின்னுச்சு. டிக், ஓடுச்சு. டிக், நின்னுச்சு. டிக் டிக் டிக் டிக்! ஆவுடையப்பன் வாயே தொறக்கல, அதுபாட்டுக்கு ஆடுது. ஃபேனு முன்னால ரெண்டு சுத்து, அப்புறம் முக்கிக்கிட்டு நிக்குது. கோமு ஓடிப்போயி மெயினை அமத்துனா.

ஏன்னு சொல்லு பாப்போம். தெரியலையா? டிக் போட்ட சத்தம் போர்டுக்குக் கேட்டுருச்சு. அவரு நாக்குத் தட்டுறதும் டிக் பேசுறதும் அதுக்கு ஒண்ணுதான். தான் போட்ட சத்தத்தைத் தானே கேட்டு, யாரோ கூப்பிடுறாகன்னு வாசலைத் தொறந்து மூடித் தொறந்து மூடிக்கிட்டு இருந்திருக்கு, வெள்ளந்திப் பய.

கோமு அப்படியே தரையில உக்காந்துட்டா. "போதுங்க. நானே எந்திரிச்சுக்கிடுதேன். உங்க வாயில சத்தத்தை விட்டா வேற என்ன இருக்கு?"ன்னா.

 வெளிய ஐப்பசி மழை, சோ... சோ... சோன்னு பெய்யுது. ஓட்டுலருந்து தண்ணி சொட்டுது. அவரு நெஞ்சு ஏறுது, எறங்குது. ஏறுது, எறங்குது.

"மூச்சு இருக்கு"ன்னாரு.

ம் சொல்லு. கண்ணைத் தொறக்க வேண்டாம், ம் மட்டும் சொல்லு.

ம்...

ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துற குழாய் ஒண்ணு, புதுசு, பிரிக்காம வீட்டுல கெடந்துச்சு. அதை எடுத்து ஒரு நுனியை மைக்கு மேல வச்சு, வெளிச்சத்தம் எதுவும் போகாதபடி பசை போட்டு அடைச்சா கோமு. இன்னொரு நுனியை அவரு கன்னத்துல பிளாஸ்திரி போட்டு ஒட்டி, உதட்டோரமா விட்டா. இனிமே குக்கரும் கேக்காது, டிக்கும் கேக்காது. அவரு மூச்சு மட்டுந்தான் அந்தக் குழாய் வழியாப் போகும். பேசுனாக்கூடக் கேக்காது, ஊதுனாத்தான் கேக்கும்.

மெயினைப் போட்டுட்டு வந்து செவுத்துல சாஞ்சு உக்காந்தா. மழை மூட்டத்துக்கு லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. "ம், ஊதிப் பாருங்க"ன்னா. அவ்வளவுதான். அவரு மூச்சை இழுக்குறதுக்குள்ள தூங்கிட்டா. கையில திருப்புளி புடிச்சபடி இருக்கு.

அப்போ அந்த லைட்டு நேரா அவ மூஞ்சியில அடிச்சுது. தூக்கத்துலயே கண்ணைச் சுருக்குனா, மூஞ்சியத் திருப்புனா. முழிச்சுருவா போல இருந்துச்சு. லைட்டுக்கு ரெண்டு ஊதணும். தப்பித்தவறி மூணாவது மூச்சு பட்டா மணி அடிச்சுரும்.  மெதுவா உதட்டைக் குவிச்சாரு.

உஃப். உஃப்.

மூச்சைப் புடிச்சுக்கிட்டாரு.

டிக்.

லைட்டு அணைஞ்சுது. அறையெல்லாம் சாம்பல் நெறத்துல மழை வெளிச்சம். அவ மூஞ்சி இளகுச்சு. அப்படியே சரிஞ்சு தரையில படுத்தா.

அப்புறம் சாரல் குளிரு உள்ள வந்துச்சு. ஃபேன் காத்தும் சேந்துக்கிச்சு. கோமு முந்தானையை இழுத்து மூடி, முழங்காலை வயித்தோட சேத்துச் சுருண்டுக்கிட்டா. உஃப். டிக். ஃபேன் மெள்ள... மெள்ள... நின்னுச்சு. கோமு காலை நீட்டுனா.

அப்புறம் ங்ஙொய்ய்னு வந்துச்சு கொசு. ஃபேன்தான் நின்னுருச்சே, அதுக்கு என்ன பயம்? அவருக்கு மூஞ்சியில மட்டுந்தான் உணர்ச்சி உண்டு, பாழாப்போன கொசு பாத்துப் பாத்து அங்கதான் உக்காருது. மூக்கு நுனியில கடிச்சுது. நெத்தியில கடிச்சுது. கண்ணு இமையில கடிச்சுது. ஒரே ஒரு ஊது ஊதுனா ஃபேன் ஓடும், கொசு பறந்துரும். ஊதல. கோமு கொறட்டை விட ஆரம்பிச்சிருந்தா. கொர்ர்... புஸ்ஸு... கொர்ர்... அவரு விழுந்த நாள்லருந்து அந்தக் கொறட்டையை அவரு கேட்டதே இல்ல. மழையும் கொறட்டையுமா, கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே கெடந்தாரு.

ம்?

...ம்.

வெளக்கு வைக்கிற நேரம் தாண்டி கோமு முழிச்சா. ஒரே இருட்டு. பதறிட்டா.

"என்னங்க! கரண்டு போயிருச்சா?"

"இல்லளா."

"பின்ன ஏன் லைட்டு எரியல? ஃபேன் ஓடல?" தடவிக்கிட்டே வந்து அவரு மூஞ்சியத் தொட்டா. எல்லாம் தடிப்பு. "அய்யோ, கொசு பிச்சு எடுத்திருக்கே! மூணாவதும் போச்சா? வேலை செய்யலையா?"

உஃப். உஃப்.

டிக்.

லைட்டு எரிஞ்சுது. கோமு வாயத் தொறந்தவ மூடல.

"லைட்டு உன் கண்ணுல அடிச்சுது, அமத்துனேன். குளுருல சுருண்ட, ஃபேனை நிறுத்துனேன்"ன்னாரு ஆவுடையப்பன். "கோமு, நான் விழுந்ததுலருந்து உனக்குன்னு செஞ்ச மொத வேலை இதுதான்."

கோமு கட்டில்ல உக்காந்தா. அவரு நெத்தியோட நெத்தியை வச்சுக்கிட்டு அழுதா. அழுது முடிச்சுச் சிரிச்சா. அப்புறம் அவரு கன்னத்தைச் சொறிஞ்சுவிட்டா.

"சரி சரி, காபி போடு. மூணு ஊதிரலாமான்னு எம்புட்டு நேரமா அடக்கிக்கிட்டுக் கெடக்கேன்"ன்னாரு.

அன்னையிலருந்து அந்த வீட்டுல கோமு நல்லாத் தூங்குனா. டிக்கும் வாசல்ல காவல் இருந்துச்சு.

எங்க, ம் சொல்லு.

...

சரிதான். கதை வீடு போயிச் சேந்துருச்சு, நீயும் போயிட்ட. நம்ம வீட்டுல ஊதுனா அணையுற லைட்டு இல்ல, இந்த முழங்கால் வலியோட நான்தான் எந்திரிச்சுப் போகணும். போறேன். போர்வையை உதைச்சுத் தள்ளாத.

டிக்.