சடையாண்டி போட்ட ஒரு மாதக் கிடை

கதை சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். ஆனால் நடுவில் யாரும் "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேட்கக் கூடாது. எனக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன், இன்னும் தெரியவில்லை. சொல்லும்போதெல்லாம் வயிறுதான் எரிகிறது.

ஏரி நிறைந்தால் ஊரே சிரித்த காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஏரிக்கரைக்குக் கீழே ஒரு வயல் இருந்தது, வயலை ஒட்டி ஒரு கூரை வீடும் இருந்தது. யார் யாரோ வந்தார்கள், உழுதார்கள், அறுத்தார்கள், போனார்கள். எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் எல்லோரும். ஒரு கூடை எரு கொட்டியவர் ஒருவர் கிடையாது. மண் வெளிறிப்போய்க் கிடந்தது.

ராஜா ஊரில் முரசறையச் சொன்னார். "இந்த வயலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மூன்று வருஷம், மூன்று அறுவடை. ஒவ்வொரு அறுவடைக்கும் ஊர்ப் பத்தாயத்தை விளிம்பு வரை நெல்லால் நிரப்ப வேண்டும். மிச்சம் உழுதவனுக்கு. மூன்று தடவையும் நிறைந்தால் நிலமும் வீடும் அவனுக்கே சொந்தம். ஒரு தடவை குறைந்தாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான்."

பத்தாயம் தெரியுமல்லவா? நெல் கொட்டி வைக்கிற மரப்பெட்டி. ஊர்ப் பத்தாயம் ஆள் உயரம் இருக்கும். பஞ்சம் வந்தால் ஊர் சாப்பிட வேண்டிய நெல் அது. வருஷா வருஷம் பழைய நெல் அரண்மனைக் களஞ்சியத்துக்குப் போகும், புதுநெல் இதில் விழும்.

யாரும் முன்வரவில்லை. அந்த மண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு வரும்? கடைசியில் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவன் பெயர் சடையாண்டி. அவள் பெயர் பூவாயி. கூலி வேலை தேடி ஊர் ஊராகப் போனவர்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது ஊரில் அடுப்பு மூட்டியவள் பூவாயி. ஒரு தென்னம்பிள்ளையை நட்டால், அது காய்த்து இளநீர் குடிக்கிற வரைக்கும் அதே வீட்டில் இருக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். வந்த அன்றே வாசலில் ஒரு தென்னம்பிள்ளையை நட்டாள்.

அப்புறம் வயலில் இறங்கி ஒரு கை மண் அள்ளிப் பார்த்தாள். பிடித்தால் பிடிபடவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. தோண்டிப் பார்த்தாள், ஒரு மண்புழு இல்லை.

"இது பசிச்ச மண்ணுங்க," என்றாள். "முதல்ல இதுக்குச் சோறு போடணும்."

கோடையில் ஏரி வற்றியதும் அடியில் இருந்த வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினாள். ஆவாரை, கொளுஞ்சி, எருக்கு என்று கண்ணில் பட்ட தழையையெல்லாம் ஒடித்து வந்து சேற்றில் போட்டு மிதித்தாள். தன் அடுப்புச் சாம்பல் போதாமல் ஊரார் அடுப்புச் சாம்பலையும் கேட்டு வாங்கித் தூவினாள். வண்டல், தழை, சாம்பல். மூன்றும் அவள் கை, அவள் இடுப்பு, அவள் முதுகு.

சடையாண்டி என்ன செய்தான்? உழுதான், இல்லை என்று சொல்லவில்லை. எரு விஷயத்தில் அவன் செய்தது ஒரே ஒரு வேலை. ஆட்டு மந்தையை ஊர் ஊராக மேய்த்து வந்த இருளப்பன் கீதாரியிடம் போய்ப் பேசி, இரண்டு ராத்திரி ஆட்டுக் கிடை போடச் செய்தான். வயலில் ஆட்டை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும், நல்ல எரு. நல்ல காரியம்தான். யார் வேண்டாம் என்றார்கள்?

பயிர் வந்தது, கதிர் சாய்ந்தது. பத்தாயம் விளிம்பு வரை நிறைந்து, வீட்டுக்கும் மூன்று மூட்டை மிஞ்சியது. நெல் அறுத்த ஈரத்தில் பூவாயி உளுந்து தூவினாள், அதுவும் காய்த்தது, மண்ணுக்கும் அது சோறு.

ஊரார் வந்து, "எப்படியப்பா விளைய வச்சே?" என்று கேட்டார்கள். சடையாண்டி மீசையைத் தடவிக்கொண்டு கிடை போட்ட மூலையைக் காட்டினான். அந்த மூலையில் பயிர் ஒரு பிடி கூடுதல் பச்சையாக இருந்ததாம்.

"எல்லாம் அந்த ஆடுதான்!" என்றான்.

பக்கத்தில் முதுகு ஒடிந்து நின்ற பெண்சாதி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. சரி, மனுஷ சுபாவம், போகட்டும் என்று முதல் தடவை இதைச் சொன்னபோது நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

இரண்டாம் வருஷம் வந்தது. பூவாயி கூடையை எடுத்தாள். சடையாண்டி அதைப் பிடுங்கி மூலையில் வைத்தான். "வண்டலும் வேண்டாம், தழையும் வேண்டாம், உளுந்தும் வேண்டாம். இரண்டு ராத்திரி கிடைக்கே பத்தாயம் நிறைஞ்சுதுன்னா, பத்து ராத்திரி போட்டா எவ்வளவு நிறையும்? நீயே சொல்லு!"

"ஏங்க, மண்ணு ஒண்ண மட்டும் தின்னு விளையாதுங்க," என்றாள் பூவாயி.

சொன்னாள். கேட்டானா? கேட்கவில்லை.

பத்து ராத்திரி கிடை விழுந்தது. பயிர் கருகருவென்று வளர்ந்தது. வழியில் போகிறவர்கள் எல்லாம் நின்று, "என்ன பச்சை, என்ன பச்சை!" என்றார்கள். சடையாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. அறுத்தார்கள். வைக்கோல் போர் வீட்டுக் கூரையைத் தாண்டியது. நெல்? பத்தாயத்தில் ஒரு சாண் குறைந்தது.

பூவாயி வீட்டுக்குப் போனாள். முதல் வருஷத்தில் மிஞ்சியதில் சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த நெல்லைத் தூக்கி வந்து கொட்டினாள். விளிம்பு தொட்டது. ராஜாவின் ஆள் தலையாட்டிவிட்டுப் போனான். அந்த வருஷம் முழுக்க அவர்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான்.

இதிலிருந்து சடையாண்டிக்கு என்ன புரிந்தது தெரியுமா? சொல்லட்டுமா? "ஆடு போதவில்லை" என்று புரிந்ததாம்! அடக் கடவுளே!

பூவாயி அவனுக்குப் புரிகிற மாதிரியே சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் கூழைக் குடித்துவிட்டு, "இன்னைக்கு உப்பு சரியா விழுந்திருக்கு புள்ள, அதான் இவ்வளவு ருசி," என்றான். மறுநாள் மத்தியானம் வயலிலிருந்து பசியோடு வந்து உட்கார்ந்தான். மண்சட்டியை அவன் முன்னால் வைத்தாள். சட்டி நிறைய உப்பு. வெறும் உப்பு.

"என்னடி இது? கூழ் எங்கே?"

"நேத்து ருசிக்கு உப்புதான் காரணம்னு சொன்னீங்களே. அதான் இன்னைக்கு உப்பு மட்டும் வச்சேன். கூச்சப்படாம சாப்பிடுங்க, இன்னும் ஒரு படி இருக்கு."

இங்கேயாவது புரிந்திருக்க வேண்டாமா? உங்களுக்குப் புரிந்ததா? எனக்குப் புரிந்தது. வாசலில் படுத்திருந்த நாய்க்குப் புரிந்திருக்கும். சடையாண்டி வாய்விட்டுச் சிரித்தான்.

"மனுஷன் வயிறும் மண்ணும் ஒண்ணா புள்ள? போடி, கூழைக் கொண்டா!"

சொன்னாள். கேட்டானா? கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம் ஒரு மாதம் கிடை போட்டான். ஒரு மாதம்! இருளப்பன் கீதாரியே பதினைந்தாம் நாள் கும்பிட்டான். "சம்சாரி, போதும்யா. ஆட்டுக்கே இந்த வயலு சலிச்சுப்போச்சு. பக்கத்து ஊருக்காரங்க காத்திருக்காங்க."

"நீ ஆட்டை மட்டும் பாரு," என்றான் சடையாண்டி.

கீதாரியும் சொன்னான். கேட்டானா? கேட்கவில்லை.

பயிர் நெஞ்சு உயரம் வளர்ந்தது. இலை அகலம், தண்டு பஞ்சு. பூச்சிக்கு இதைவிட விருந்து வேறு ஏது? புகையான் பூச்சி விழுந்து நடு வயல் வட்டம் வட்டமாகக் கருகியது. மீதிப் பயிர் அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அடித்த ஒரே ஒரு காற்றுக்குப் படுத்தது. படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்கவில்லை. அடித்துத் தூற்றினால் பாதி பதர்.

பத்தாயம் பாதிதான் நிறைந்தது. வீட்டில் கொட்டுவதற்கும் ஒரு மணி நெல் இல்லை. மறுநாள் காலையில் ராஜா வருகிறார்.

சடையாண்டி பதரைக் கூடையில் அள்ளினான். "நெல்லை எடுத்துட்டு, அடியில பதரைக் கொட்டி, மேல நெல்லைப் பரப்பிடலாம் புள்ள. யாரு கிண்டிப் பார்க்கப் போறாங்க? வீடு போயிடும்டி!" என்று கெஞ்சினான். பாவம், அந்த இடத்தில் மட்டும் எனக்கு அவன்மேல் கோபம் வருவதில்லை.

பூவாயிக்கு மட்டும் வீடு வேண்டாமா? வாசலில் ஆள் உயரம் வளர்ந்து நின்ற தென்னம்பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று ஏணியில் ஏறி, பத்தாயத்துக்குள் இறங்கி, நெல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பஞ்சத்துல ஊர் பசிச்சு வந்து திறந்தா, பதரையா திம்பாங்க? கொட்டறதுன்னா என் தலை மேல கொட்டுங்க!"

சொன்னாள். கேட்டானா? கேட்டான். மூன்று வருஷத்தில் அந்த ஒரு தடவை கேட்டான். கூடையைக் கீழே வைத்தான்.

காலையில் ராஜா வந்தார். பத்தாயத்தைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருந்த பெண்பிள்ளையைப் பார்த்தார். பாதி நெல்தான் இருக்கிறது, பதர் கலக்கவில்லை என்று இருவரும் உள்ளதைச் சொன்னார்கள்.

"சொன்ன சொல் சொல்தான். நிலம் திரும்ப எனக்கு," என்றார் ராஜா. பிறகு ஊரைப் பார்த்து, "இது ஏன் விளையவில்லை என்று சரியாகச் சொல்பவருக்கு வயலை ஒரு வருஷத்துக்குத் தருகிறேன்," என்றார்.

ஒருவன், "கிரகம் சரியில்லை மகாராஜா," என்றான். இன்னொருவன், "ஏரிக்கரை முனியின் வேலை," என்றான். மூன்றாவதாகப் பத்தாயத்துக்குள்ளிருந்து பூவாயி பேசினாள்.

"முனி மேலயும் குத்தமில்ல, மண்ணு மேலயும் குத்தமில்ல மகாராஜா. ஆட்டெருவும் நல்லதுதான். அதை மட்டுமே ஊட்டி ஊட்டி மண்ணை ஊத வச்சோம். இலை வளர்ந்துச்சு, தண்டுக்குப் பலமில்ல, மணியில பால் பிடிக்கல. சாம்பலுக்கும் தழைக்கும் வண்டலுக்கும் அந்த மண்ணு ரெண்டு வருஷமா வாயைத் திறந்துட்டு நிக்குது."

ராஜா வயலைத் திரும்பிப் பார்த்தார். "உன் பேரில் ஒரு வருஷம். நிரப்பிக் காட்டினால் நிலமும் வீடும் உனக்கே," என்றார்.

"சரிங்க மகாராஜா. உழறது அவரு. எரு போடறது நானு."

அந்த வருஷம் முதலில் உளுந்து. பிறகு வண்டல், தழை, சாம்பல். கிடை இரண்டே ராத்திரி. சடையாண்டி வரப்பில் நின்று கீதாரியைக் கூப்பிட வாயைத் திறந்தபோதெல்லாம் பூவாயி இரண்டு விரலைக் காட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டு கூடை சுமந்தான். மனுஷன் நன்றாகவே சுமந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அதிலும் சாம்பல் கூடையை அவன்தான் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போனான்.

பயிர் முழங்காலுக்கு மேல் கொஞ்சம்தான் உயர்ந்தது. யாரும் நின்று பார்க்கவில்லை. ஆனால் காற்றடித்தது, படுக்கவில்லை. பூச்சி வந்தது, நிற்கவில்லை. கதிர் பிடித்தது, ஒவ்வொரு மணியும் கெட்டி.

பத்தாயம் விளிம்பு வரை நிறைந்தது, வழிந்தது. "நிலமும் வீடும் இனி உன்னுடையது," என்று ராஜா பூவாயியிடம் சொல்லிவிட்டுப் போனார். பூவாயி வாசலுக்குப் போய்த் தென்னம்பிள்ளைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பன்னிரண்டு வருஷத்து அழுகை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஊரார் வந்தார்கள். "எப்படியப்பா விளைய வச்சீங்க?" என்று கேட்டார்கள். சடையாண்டி நிறைந்த பத்தாயத்தில் கையை வைத்து, மீசையைத் தடவிக்கொண்டு, என்ன சொன்னான் தெரியுமா?

"எல்லாம் அந்தச் சாம்பல்தான்! அடுத்த வருஷம் பாருங்க, வெறும் சாம்பலாவே கொட்டப்போறேன்!"

பூவாயி தலையில் அடித்துக்கொண்டாள். நானும் அடித்துக்கொள்கிறேன். நாற்பது வருஷமாக இதே இடத்தில் அடித்துக்கொள்கிறேன்.

அவனுக்குத்தான் ஏறவில்லை, உங்களுக்காவது ஏறட்டும்: எவ்வளவு நல்ல எருவானாலும் ஒன்றையே அள்ளிக் கொட்டினால் மண் கெடும், எல்லாவற்றையும் அளவோடு கொடுத்தால்தான் விளையும்.