உலகம்மாள் கேட்ட தெம்பு

“சாமி, எனக்குத் தெம்பு வேணும். தை பதினாறு, ஒரே ஒரு நாளைக்கு.”

சொல்லிவிட்டு உலகம்மாள் மடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

குற்றால மலையடிவாரத்தில் சின்ன மடம் அது. அதை நடத்தி வந்த தாயம்மைக்கு முப்பத்தெட்டு வயது. கணக்கு டீச்சராக இருந்து காவி கட்டியவள். உலகம்மாளுக்கு ஐம்பத்தாறு. ஆனாலும் ஊரைப் போல அவளும் ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டாள்.

“உக்காருங்கக்கா.”

“நின்னே பழகிட்டேன் சாமி.”

தாயம்மை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உலகம்மாள் உட்காரவில்லை. அதில் சரிந்தாள்.

இருபத்தாறு வருஷம் கல்யாணச் சமையல் செய்தவள். தென்காசியிலிருந்து அம்பை வரை அவள் நிற்காத மண்டபம் கிடையாது. போன வருஷம் மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், கீமோ, கரண்டு வைத்தியம் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு எல்லாம் ஆடி மாதத்தோடு முடிந்தன. இப்போது கார்த்திகை.

“ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைங்காங்க சாமி. ஆனா தூங்கி எந்திரிச்சாலும் தூங்காத மாதிரியே இருக்கு. குளிச்சிட்டுப் படுக்கேன். தலை சீவிட்டுப் படுக்கேன். அதான் சரியாயிட்டே, இன்னும் என்ன படுக்கைன்னு அண்ணன் கேக்கான். சோம்பேறியாயிட்டேன் போல.”

“டாக்டர்ட்ட சொன்னீங்களா?”

“உசுரைக் காப்பாத்திக் குடுத்தவர்ட்ட போய், அசதியா இருக்குன்னு சொல்லவா?”

“சொல்லிட்டு வாங்க.”

தாயம்மை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் உலகம்மாள் மறுபடி வந்தாள்.

“ரத்தம் கம்மியாம். மாத்திரை குடுத்திருக்காரு. தினம் கொஞ்சம் நடக்கச் சொன்னாரு. இந்த வைத்தியம் பாத்தவங்க நிறைய பேருக்கு மாசக் கணக்கா இப்படி இருக்குமாம். சோம்பல் இல்லம்மா, இதுவும் நோயோட சேர்ந்ததுதான்னாரு.” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “அதைக் கேட்டதும் அங்கனயே அழுதுட்டேன் சாமி.”

“எப்பப் போகுமாம்?”

“அதை அவரும் சொல்லல.”

“தை பதினாறு என்ன?”

“எம் மக கோமதிக்குக் கல்யாணம்.”

கோமதிக்கு ஏழு வயதில் அப்பா இறந்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்தது மண்டபங்களில். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதும். அப்பளம் பொரிகிற நேரம் மட்டும் எழுந்து வரும்.

“ஒருநாள் கேட்டா, என் கல்யாணத்துக்கு யாரும்மா சமைப்பான்னு. நான்தாம்ட்டி, வேற யாருன்னேன். நானூறு இலை சாமி. அந்தக் காலத்துல எனக்கு அது ஒரு வேலையே இல்ல.”

தாயம்மை சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை இங்க நாப்பது பேருக்கு அன்னதானம். வாங்க. ரசம் மட்டும் வையுங்க.”

வெள்ளிக்கிழமை உலகம்மாளுக்கு உடம்பு நன்றாக இருந்தது. ரசம் வைத்தாள். கை நிற்கவில்லை. சாம்பாரையும் தாளித்தாள். பூசணிக்காயை நறுக்கிக் கூட்டு வைத்தாள். சோற்றை அவளே வடித்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கரண்டியை எடு, இந்தத் தட்டை மூடு என்று மடத்து ஆட்களை ஏவினாள். தாயம்மை வாசற்படியில் நின்று பார்த்தாள். 

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் உலகம்மாளால் எழுந்திருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை தாயம்மை தூக்குவாளியில் கஞ்சியோடு அவள் வீட்டுக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு நல்லா இருந்துச்சு சாமி. பழைய ஆளா ஆயிட்டேன்னு நினைச்சேன்.”

“நடுவுல எப்ப உக்காந்தீங்க?”

“முடியாமப் போனப்ப.”

“இனிமே முடியும்போதே உக்காருங்க.”

உலகம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கஞ்சி ஆறும்வரை தாயம்மை இருந்தாள். பிறகு போய்விட்டாள்.

மார்கழி முழுக்க உலகம்மாள் ஒருநாள் விட்டு ஒருநாள் மடத்துக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். கொஞ்ச நேரத்தில் தாயம்மை வந்து அவள் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொள்வாள்.

“இன்னும் பத்து பீன்ஸ்தான் சாமி. முடிச்சிருதேன்.”

“அந்தப் பத்தும் எனக்கு.”

முதலில் கோபம் வந்தது. சமையல்கட்டில் அவள் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கியதில்லை. பிறகு கத்தியைக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்தபடி பழைய கதை பேச ஆரம்பித்தாள்.

“அம்பையில ஒரு கல்யாணம். விடியக்காலம் பேய்மழை. கொட்டகை ஒழுகி அடுப்பு அணைஞ்சு போச்சு. எழுநூறு பேரு. பொண்ணு வீட்டுக்காரர் அழவே ஆரம்பிச்சுட்டாரு. அண்டாவை எல்லாம் தூக்கிட்டுப் பக்கத்து நெல்லுக் குடோனுக்கு ஓடுனோம். ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெல்லாம் செவந்துட்டு. ஆனா எட்டரைக்கு முத பந்தி.” அவள் சிரித்தாள். “அந்த மழை வாசத்தோட கத்திரிக்காக் கொத்சு மணந்தது, இன்னும் மூக்குல இருக்கு சாமி.”

“ம்.”

“அந்த ஒடம்பு எங்க போச்சு?”

தாயம்மை மிச்சப் பீன்ஸை நறுக்கினாள்.

தை பிறந்தது. தாயம்மை ஒருநாள் கேட்டாள்.

“பதினாறாம் தேதி உங்களுக்கு ஒரு மணி நேரம் நல்லா இருக்கும்னு வச்சுக்குவோம். எந்த மணி நேரம் வேணும்?”

“ஏழரையில இருந்து எட்டரை” என்றாள் உலகம்மாள் சட்டென்று. “அவியலுக்குத் தேங்கா அரைச்சு ஊத்தி, சாம்பார் எறக்கி...”

“முகூர்த்தம் எத்தனை மணிக்கு?”

“அதே ஏழரை எட்டரைக்குள்ளதான்...” என்றாள் உலகம்மாள் மெதுவாக. 

தாயம்மை காய்த் தோலை அள்ளிக்கொண்டு மாட்டுக்குப் போடப் போனாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் உலகம்மாள் மகளைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, அன்னைக்கு அடுப்புப் பக்கம் என்னால நிக்க முடியாது. சாம்பார்ப்பொடி மட்டும் எங்கையால செஞ்சு குடுக்கேன். போதுமா?”

கோமதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

அதன் பிறகு உலகம்மாள் தினம் ஒரு சாமானாக, உட்கார்ந்தபடியே வறுத்தாள். ஒருநாள் மல்லி. ஒருநாள் மிளகாய். முடியாத நாளில் ஒன்றுமில்லை. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் பொடி மில்லிலிருந்து திரித்து வந்தது.

கல்யாணத்தன்று ஏழு மணிவரை அவள் மண்டபத்து அறையில் படுத்திருந்தாள். இத்தனை வருஷம் அவளுக்குக் கைக்கு உதவியாக இருந்த இசக்கிதான் அன்று சமையல். அவன் வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, ஒரு எட்டு வந்து சாம்பாருக்கு உப்புப் பாத்துட்டுப் போங்க.”

“நீயே பாரு.”

“நான் எப்படிக்கா?”

“இருபது வருஷமா எஞ் சாம்பாரத்தானல தின்ன? பாரு, போ.”

அவள் மெல்ல எழுந்து பட்டுச் சேலையைச் சரி செய்துகொண்டு மணமேடை முன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். தாயம்மை ஏற்கெனவே பக்கத்து நாற்காலியில் இருந்தாள். மேடையில் தாரை வார்க்க அண்ணனும் மதினியும் நின்றார்கள். கோமதி நிமிர்ந்து பார்த்தாள். மண்டபமென்றால் சமையல்கட்டிலேயே இருக்கும் அம்மாவை அங்கே எதிர்பார்க்காதவள் போல ஒரு கணம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐயர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் குனிந்தாள்.

கெட்டிமேளம் முழங்கியது.

ஆயிரம் தடவை கேட்ட சத்தம். ஆனால் சமையல்கட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டது. அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான், பந்திக்கு நேரமாகிவிட்டது. இந்தப் பக்கம் அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை.

மஞ்சள் கயிறு. யாரோ ஒதுக்கிப் பிடித்த பின்னல். அதற்குக் கீழே மகளின் பிடரி, சின்னதாய், ஏழு வயதில் மூட்டைமேல் குனிந்து எழுதியபோது இருந்த அதே பிடரி.

பின்னாலிருந்து இசக்கியின் குரல் வந்தது: “இலை போடுங்கலே!”

உலகம்மாளின் கால்கள் எழப்போயின. அவள் அவற்றை இருத்திக்கொண்டாள்.

தாயம்மை குனிந்து கேட்டாள். “அசதியா இருக்காக்கா?”

“இருக்கு சாமி.”

மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“இருக்கட்டும்.”