ஒரு வரிசைக்கு ஒரு குழந்தை

கோணமடையில் அறிவாளிகள் மூன்று பேர்: சீனிச்சாமி, ஒச்சப்பன், பெத்தணன். இதைச் சொன்னதும் அந்த மூன்று பேர்தான். ஊர் இதுவரை மறுத்ததில்லை. மறுத்தால் விளக்கம் சொல்ல வீட்டுக்கே வந்துவிடுவார்கள் என்ற பயம்.

சீனிச்சாமியின் இடது காதில் மட்டும் ஒரு கம்மல் உண்டு. தங்கை செவனம்மாவின் மூத்த மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்ற முறையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டான். தலை பிள்ளையின் தோளில் சரிந்தது. பார்வை மங்கிய ஆசாரி, எதிரே எந்தக் காது தெரிந்ததோ அதில் குத்திவிட்டார்.

இப்போது டெல்லியில் இளையவளுக்குக் காதுகுத்து. செவனம்மா போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“அண்ணே, பிளேன்லயே தூங்கித் தீர்த்துட்டு வா. மடியில கைக்குழந்தை வச்சிருக்கவங்க பக்கத்துல சீட்டு எடுக்காதே, உன்னைத் தூங்க விடாது. இங்க வந்து கண்ணை மூடினே, பிள்ளையைத் தவசி மடியில வச்சுருவேன், ஆமா.”

சீனிச்சாமி போனைப் பார்த்தே வேகமாகத் தலையாட்டினான். தவசி அவர்களுடைய சித்தப்பா மகன். டெல்லியில் செவனம்மா வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே மடியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருப்பவன். தாய்மாமன் மடியை அவனிடம் பறிகொடுத்துவிட்டு ஊரில் எந்த முகத்தோடு நடமாடுவது?

மூவரும் கம்ப்யூட்டர் சென்டர் ஜெனிட்டாவிடம் போனார்கள். அவள் திரையில் விமானத்தின் சீட்டுகளைக் காட்டினாள்.

“கைக்குழந்தை வர்ற சீட்டுல பாப்பா படம் இருக்கும்ண்ணே. இந்தா, நாலாவது வரிசையில ஒண்ணு இருக்கு. நீங்க இருபதாவது வரிசையில எடுத்துக்கங்க.”

“கடைசி நேரத்துல அங்கேயும் ஒண்ணு வந்துட்டா?” என்றான் சீனிச்சாமி.

“வரலாம். ஆனா உங்க பக்கம் ஒரு வரிசைக்கு ஒரு கைக்குழந்தைதான் விடுவாங்க. அது ரூல்ஸ்.”

டீக்கடையில் ஆலோசனை நடந்தது.

“வரிசையில ஒரு குழந்தை இருந்தா இன்னொண்ணு வராது. சரிதானே மாப்ள?” என்றான் ஒச்சப்பன்.

“சரிதான்.”

“அப்ப நம்ம வரிசைக்குக் குழந்தை வராம இருக்க என்ன வேணும்?”

பெத்தணன் டீ ஆறும்வரை யோசித்தான். “குழந்தை வேணும்.”

சீனிச்சாமிக்குப் புல்லரித்துவிட்டது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. “முன் வரிசையும் பின் வரிசையும் திறந்து கிடக்கே?”

“அங்கேயும் ஆளுக்கு ஒண்ணைப் போட்டு அடைச்சிருவோம்.”

ஒச்சப்பனுக்கு ஏழு மாதத்தில் இரட்டைப் பிள்ளைகள். பெத்தணனுக்குப் பல் முளைக்கிற பருவத்தில் ஒரு மகன். ஆக மூன்று. தாய்மார்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இவர்கள் மனம் மாறுவதற்குள் பால்பாட்டிலும் துணிமணியும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

முன்னால் ஒச்சப்பன், பின்னால் பெத்தணன், நடுவில் சீனிச்சாமி. மூன்று மடியிலும் மூன்று பிள்ளைகள்.

விமானக் கதவை மூடுவதற்கு முன்பே மூத்த இரட்டை ஆரம்பித்தது. சீனிச்சாமி மடியில் இருந்த இளைய இரட்டை கூடவே சேர்ந்துகொண்டது. இதைப் போட்டி என்று எடுத்துக்கொண்ட பெத்தணன் மகன் இருவரையும் தாண்டிப் போனான். பக்கத்து சீட்டுக்காரர் விமானம் கிளம்புமுன் கழிவறையை ஒட்டிய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினார். இளைய இரட்டை சீனிச்சாமியின் சட்டையை இரண்டு முறை நனைத்தது. நாலாவது வரிசைக் குழந்தை மட்டும் டெல்லி வரை அசையாமல் தூங்கியது.

பெத்தணன் எழுந்து எட்டிப் பார்த்தான். “மாப்ள, நாலாவது வரிசையில நிஜமாவே ஒரு குழந்தை இருக்கு! அதுக்குப் பக்கத்துல மாட்டினவர் பாவம்.”

“எல்லாருக்குமா விவரம் இருக்கும்?” என்று சீனிச்சாமி அழுகைக்கு மேலே கத்திச் சொன்னான்.

இறங்கும்போது அவன் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தன. ஒரு நிமிடம்கூட இமை மூடவில்லை. ஆனால் அந்நியக் குழந்தை ஒன்றுகூடப் பக்கத்தில் வரவில்லை. அதில் அவனுக்கு அப்படியொரு நிறைவு.

காதுகுத்து நடந்த ஹாலில் நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் சீனிச்சாமி உட்கார்ந்தான். மடியில் இளைய இரட்டை அப்போதுதான் தூங்கியிருந்தது. செவனம்மா பட்டுப்பாவாடை கட்டிய மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆசாரி ஊசியோடு நின்றார்.

“அண்ணே, நல்ல நேரம் முடியப்போகுது. பிள்ளையை மடியில வாங்கிக்க.”

சீனிச்சாமி கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தடுத்தான். “இந்த வரிசையில ஏற்கெனவே ஒண்ணு இருக்கும்மா. வேற வரிசை பாரு.”

செவனம்மா மற்ற இருவரையும் பார்த்தாள்.

“ஆமா தங்கச்சி, ரூல்ஸ் அப்படி,” என்றான் ஒச்சப்பன் வருத்தத்தோடு. பெத்தணன் உதவும் மனசுக்காரன். ஹால் முழுக்கக் கண்ணை ஓட்டி, குழந்தையே இல்லாத வரிசை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். கடைசி வரிசை. அங்கே தவசி உட்கார்ந்திருந்தான், மடியைத் துடைத்துக்கொண்டு.

ஊசி இறங்கியது. பிள்ளை போட்ட சத்தத்தில் ஹாலே அதிர்ந்தது.

சீனிச்சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்து பின்னால் பார்த்தான். பிறகு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

“என்னமாக் கத்துது பாரு ஒச்சப்பா! நல்லவேளை, நாம தள்ளி சீட்டு எடுத்தோம்.”